வால்வு மூடும் நேரம்

கூடலூரிலிருந்து ஓவேலிக்கு ஏறும் ஜீப்பில் முன்சீட்டில் இடம் கிடைத்தால், ஓட்டுநரின் வலது காலைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் கால் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்துவது அபூர்வம். சூண்டி, ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பெரியசோலை என்று எந்தப் பக்கம் போனாலும், பிரதான சாலையை விட்டு எஸ்டேட் பாதைக்குள் நுழைந்ததும் ஸ்பீடோமீட்டர் முள்ளுக்கு வேலை குறைந்துவிடும். ஆளும் அரிசி மூட்டையும் பச்சைத் தேயிலைச் சாக்கும் ஏற்றிய வண்டி, நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில், கல் கல்லாக ஏறும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஆடி மாதத்தில் சேற்றில் நழுவி நழுவி ஏறும்.

பாதைகள் இப்படிக் கிடப்பதற்கு மழை மட்டும் காரணமில்லை. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுக்குள் வரும் நிலங்களின் பிரச்சினை தலைமுறை தாண்டியும் தீரவில்லை. யாருடையது என்று முடிவாகாத மண்ணில் சாலை போடுவது எளிதா என்ன? அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் ஃபோர் வீல் ஜீப்பை யாரும் பொழுதுபோக்குச் சாமானாகப் பார்ப்பதில்லை. பஸ் நிற்கிற இடத்தில் அதன் வேலை தொடங்குகிறது.

பழைய ஜீப்பை ஏலத்திலோ எஸ்டேட் கொட்டகையிலோ பிடித்து, போல்ட் போல்ட்டாகப் பிரித்து, தனக்கு வேண்டியபடி மறுபடி கட்டுகிறவர்கள் நாடெங்கும் உண்டு. பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலியில் அது ஊர்த் தொழிலாகவே இருக்கிறது. அப்படிக் கட்டுகிறவருக்கு, எஞ்சின் திறந்து கிடக்கும்போது ஓர் ஆசை வரும்: வாங்கியதுதான் வாங்கினோம், கேம் ஷாஃப்டையும் மாற்றிவிட்டால் என்ன? வெளிநாட்டு விலைப்பட்டியல்களில் ஒவ்வொரு கேமுக்கு எதிரிலும் இத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தக் குதிரைகள் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் வந்து சேரும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். இந்த அத்தியாயம் அந்தப் பொடி எழுத்தைப் பற்றியது.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஏற்றத்தைக் கணக்குப் போடுவோம். ஆளும் சுமையும் சேர்த்து 1,600 கிலோ. நூறு மீட்டர் போனால் பதினைந்து மீட்டர் உயரும் சரிவு. சேற்றின் இழுப்புக்காக எடையில் இருபதில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். இதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 8.7 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன். பற்சக்கரங்களின் உராய்வுக்கும் கொடுத்தால் 15 என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இப்போது எஞ்சினைப் பார்ப்போம். 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சி.ஜே. 3பி மாடலை நீண்ட காலம் இங்கேயே தயாரித்தது. உயரமான பானெட் உள்ள அந்த வண்டியின் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின் 2,199 சிசி. அது 4,000 சுற்றில் 72 குதிரைத்திறனும், 2,000 சுற்றில் சுமார் 155 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. நம் ஏற்றத்துக்குத் தேவையானதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு திறன் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருந்தும் ஓட்டுநர் “பிக்கப் இல்லை சார்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த வண்டியில் பின் அச்சின் விகிதம் 5.38, முதல் கியர் 2.8, லோ கியர் 2.46. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 1,000 சுற்று ஓடும்போது, பழைய 16 அங்குல ஜீப் டயரில் வண்டி மணிக்கு 3.7 கிலோமீட்டர்தான் நகரும். லோ போடாமல் முதல் கியரில் போனால் 9 கிலோமீட்டர். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கே 1,550 சுற்று போதும். 72 குதிரைகளும் கூடி நிற்கும் 4,000 சுற்றை டாப் கியரில் எட்ட வேண்டுமானால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதற்கு ஓவேலியில் நூறடிச் சாலைகூடக் கிடையாது. இந்த மலையில் ஓடும் எஞ்சின் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 900 சுற்றுக்கும் 2,500 சுற்றுக்கும் நடுவில் கழிக்கிறது. கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த வட்டாரத்துக்குத்தான்.

கேம் ஷாஃப்டின் வேலையைச் சொல்வது சுலபம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதன் மேல் உள்ள முட்டை வடிவப் புடைப்புகள் டேப்பெட்டைத் தூக்க, வால்வு திறக்கும். புடைப்பு விலகினால் ஸ்பிரிங் வால்வை மூடும். எவ்வளவு உயரம் திறக்கிறது, எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, எப்போது திறந்து எப்போது மூடுகிறது எல்லாம் அந்தப் புடைப்பின் வடிவத்திலேயே கடைந்துவைத்திருக்கிறது. ஒரு கேமுக்கு நான்கு நேரங்கள் உண்டு: இன்லெட் திறப்பது, மூடுவது, எக்ஸாஸ்ட் திறப்பது, மூடுவது. என் கருத்தில், மலை வண்டிக்கு இந்த நான்கில் ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்ற மூன்றும் பெரிய தொல்லை தராது. அந்த ஒன்று, இன்லெட் வால்வு மூடும் நேரம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகிறது. பிஸ்டன் அடியைத் தொட்டதும் இன்லெட் வால்வை மூடிவிடலாமே என்று தோன்றும். எந்த எஞ்சினும் அப்படி மூடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும். கூடலூர் பஸ் நிலையத்தில் கூட்டம் ஓடி வந்து ஏறும்போது, பஸ் நகர்ந்த பிறகும் கண்டக்டர் கதவைச் சாத்தாமல் இருந்தால் இன்னும் நான்கு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். கூட்டம் மெதுவாக வருகிற நேரத்தில் அதே கதவைத் திறந்து வைத்திருந்தால், உள்ளே நெருக்குகிறவர்கள் படியில் நிற்பவரை வெளியே தள்ளிவிடுவார்கள். சிலிண்டரில் நடப்பதும் இதுதான். ஹரிகேன் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 111 மில்லிமீட்டர். 1,000 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 3.7 மீட்டர், 4,000 சுற்றில் 14.8 மீட்டர். நான்கு மடங்கு வேகத்தில் வரும் காற்றுக்குப் பதினாறு மடங்கு இயக்க ஆற்றல் உண்டு. பிஸ்டன் மேலேறி எதிர்த்தாலும் அது முட்டிக்கொண்டு உள்ளே நுழையும். 1,000 சுற்றில் அந்த வேகம் காற்றுக்கு இல்லை. பிஸ்டன் தள்ளியதும் வந்த வழியே கார்புரேட்டர் பக்கம் திரும்பிப் போய்விடும்.

இதற்கு எண் வேண்டும் என்றால் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் கோ-டெவில் எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். ஹரிகேன் அதன் வாரிசு. சிலிண்டர் குறுக்களவும் பிஸ்டன் ஓடும் தூரமும் இரண்டுக்கும் ஒன்றே. கோ-டெவிலில் இன்லெட் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வர 9 டிகிரி இருக்கும்போது திறந்து, அடியைக் கடந்து 50 டிகிரியில் மூடும். எக்ஸாஸ்ட் அடிக்கு 47 டிகிரி முன்பு திறந்து, உச்சியைக் கடந்து 12 டிகிரியில் மூடும். இரண்டும் 239 டிகிரி திறந்திருக்கும். இன்றைய கண்ணுக்கு இது மிகச் சாதுவான கேம். கனெக்டிங் ராடின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அடியைக் கடந்து 50 டிகிரி திரும்புவதற்குள் பிஸ்டன் தன் மேல்நோக்கிய பயணத்தில் 14 சதவீதத்தை முடித்துவிடுகிறது. அதாவது, வால்வு மூடிய பிறகு அமுக்குவதற்கு மிஞ்சுவது 86 சதவீதம். பந்தயக் கேம் ஒன்றைப் போட்டு அதே வால்வை 70 டிகிரியில் மூட வைத்தால், போய்விடுவது 28 சதவீதம்.

கோ-டெவிலின் அமுக்க விகிதம் 6.48 என்று கையேட்டில் இருக்கிறது. அது பிஸ்டன் அடியிலிருந்து உச்சிவரை அமுக்கினால் வரும் எண். வால்வு மூடிய இடத்திலிருந்து கணக்கிட்டால், 50 டிகிரியில் மூடும் கேமுக்கு அது 5.7 ஆகவும், 70 டிகிரியில் மூடும் கேமுக்கு 5-க்குப் பக்கமாகவும் இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே அமுக்கம் குறைந்த எஞ்சின் அது. பெரிய கேமைப் போட்டதும் கீழ்ச்சுற்றில் அதன் மூச்சு நின்றுவிடும். கல்லில் சக்கரம் ஏறுகிற அந்த ஒரு நொடியில், 900 சுற்றில், ஓட்டுநருக்கு வேண்டியது இந்த அமுக்கம்தான். அது இல்லாதபோது அவர் ஹாஃப் கிளட்ச் போட்டு எஞ்சினைக் கத்தவிட்டு ஏற்றுவார். அடுத்த மாதம் கிளட்ச் பிளேட் மாற்றுவார்.

உயரமும் சேர்ந்து தண்டனை கொடுக்கிறது. கூடலூர் கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் அந்த அளவுக்கு இழுவையை இழந்துதான் ஓடும். சென்னையில் ஓட்டிப் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்ன கேம், மலைக்கு வந்ததும் ஒரு அளவு பெரியதாகிவிடுகிறது. இதில் சின்ன ஆறுதலும் உண்டு: காற்று மெலிந்த இடத்தில் எஞ்சின் சுலபத்தில் நாக் அடிக்காது. ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கொஞ்சம் ஃபேஸ் பண்ணி அமுக்கத்தை ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. செலவுக்கும் பலனுக்கும் பார்த்தால், பழைய பெட்ரோல் ஜீப்பில் புதுக் கேமைவிட இது நல்ல வேலை.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சிறிது நேரம். ஓவர்லேப் என்பார்கள். கோ-டெவிலில் அது 9-உம் 12-உம் சேர்ந்து 21 டிகிரிதான். பெரிய கேம்களில் 60, 70 என்று போகும். மேல்சுற்றில் வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் காற்றை இழுத்துவிடும் என்பதால் பந்தயக்காரர்களுக்கு அது லாபம். ஐட்லிங்கில் நிலைமை தலைகீழ். கார்புரேட்டரின் தகடு மூடியிருக்க, இன்லெட் குழாயில் வெற்றிடம் பலமாக இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகை பின்வாங்கி இன்லெட்டுக்குள்ளேயே நுழையும். எஞ்சின் குலுங்கும், விட்டு விட்டு எரியும், எப்போது வேண்டுமானாலும் அணையும். அந்தக் குலுங்கல் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் அது பெருமையாக இருக்கலாம். ஓவேலியில் திருப்பத்தில் யானை நின்றால், சத்தமில்லாமல் நின்று, அணையாமல் காத்திருந்து, தேவைப்பட்டால் பின்னோக்கி ஊர்ந்து வர முடிகிற எஞ்சின் வேண்டும். பிரேக் பூஸ்டர் வைத்த வண்டியில் இன்னொரு ஆபத்து: அது வேலை செய்வதே இன்லெட் வெற்றிடத்தால்தான். ஓவர்லேப் அதைத் தின்றுவிட்டால் இறக்கத்தில் பெடல் கல்லாகிவிடும். புகைச் சோதனையும் ஐட்லிங்கில்தான் நடக்கிறது. எரியாத பெட்ரோலை வெளியே விடும் கேமோடு சான்றிதழ் வாங்குவது கஷ்டம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதைச் சீக்கிரம் திறந்தால், இன்னும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும் வாயுவை வேலை முடியும் முன்பே வெளியே அனுப்பிவிடுகிறோம். வேகமாக ஓடும் எஞ்சினுக்குப் புகையைக் காலி செய்ய நேரம் போதாது, அதனால் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளும். மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அந்த அவசரம் கிடையாது.

இப்படி ஒரே நேரத்தைக் கடைந்து வைத்துவிட்டு எல்லா வேகத்துக்கும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று கேட்கலாம். நீலகிரியிலேயே பதில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இல் திறந்த மலை ரயில் பாதையில், கல்லாறைத் தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீராவி எஞ்சினின் ஓட்டுநரிடம் ஒரு நெம்புகோல் இருக்கிறது. சிலிண்டருக்குள் நீராவி நுழைவதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவர் இருக்கையிலிருந்தே மாற்றுகிறார். ஏற்றத்தில் நீண்ட நேரம் விடுவார், சமதளத்தில் சீக்கிரம் நிறுத்துவார். பெட்ரோல் எஞ்சின்களுக்கு அந்த வசதி பரவலாக வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று பல கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் கேமை ஓடும்போதே முன்னும் பின்னும் திருப்புகிறார்கள். 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியின் 1,462 சிசி எஞ்சின் அந்த வகை. டொயோட்டா பிரியஸ் இன்னும் ஒரு படி போய், எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே இன்லெட்டைத் தாமதமாக மூடுகிறது. கீழ்ச்சுற்றில் விட்டுப்போன இழுவையை மின்மோட்டார் ஈடுகட்டிவிடும். மோட்டார் இல்லாத நம் ஜீப்புக்கு அந்தப் பாடம் உதவாது.

அந்த வசதி இல்லாத எஞ்சின் எப்படி இருக்கும் என்பதற்கு மாருதியின் பழைய ஜிப்ஸியே உதாரணம். அதன் 1,298 சிசி பதினாறு வால்வு எஞ்சின் 6,000 சுற்றில் 80 குதிரைத்திறன் தந்தது. முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுற்றில். அதற்கு அரை நூற்றாண்டு மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஹரிகேன், குதிரைத்திறனில் தோற்றாலும், பாதிக்கும் குறைவான சுற்றில் ஒன்றரை மடங்கு முறுக்கியது. எஞ்சினின் கொள்ளளவு இதில் முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 4,500 என்ற எண்ணை எழுதியதில் கேமுக்கும் பங்கு உண்டு. ஜிப்ஸியை மலையில் ஓட்டியவர்கள் கியரை இறக்கி இறக்கி ஓட்டியதற்கு அதுவே காரணம்.

டீசல் வண்டிக்காரர்கள் இந்த அத்தியாயத்தைப் பாதியிலேயே மூடிவிட்டிருக்கலாம். அவர்களுடைய முடிவு சரி. நீலகிரியில் சுமை இழுக்கும் மஹிந்திரா வண்டிகளில் பலவற்றில் இருக்கும் 2,523 சிசி டீசல் எஞ்சினின் சிலிண்டர் அளவுகள், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சினின் மூன்றரை அங்குலம், நான்கு அங்குலத்தை அப்படியே கொண்டவை. வயல் உழுவதற்கென்று பிறந்த வம்சம் அது. கேமும் அதற்கேற்றதுதான். டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில்தான். வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் பிஸ்டன் வந்து இடித்துவிடும். மேலும் டீசல் பற்றுவதே அமுக்கச் சூட்டால்தான். மார்கழியில் உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும்போது, தாமதமாக மூடும் இன்லெட் வால்வு அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். டீசல் வண்டியில் இழுவை போதவில்லை என்றால் இன்ஜெக்டரையும் பம்பின் டைமிங்கையும் பார்க்க வேண்டும். கேமைத் தொட வேண்டாம்.

பெட்ரோல் வண்டியைக் கட்டுகிறவருக்குத் திரும்புவோம். அவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியவை டயரும் அச்சு விகிதமும். 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் மாட்டினால், கியர் விகிதம் 12 சதவீதம் பலவீனமாகிவிடும். எந்தக் கேமாலும் 1,000 சுற்றில் அந்த 12 சதவீதத்தைத் திருப்பித் தர முடியாது. அச்சு கியரை மாற்றினால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். டயர், கியர், சுமை மூன்றும் முடிவானபின் எந்தச் சுற்றில் வண்டி ஓடப்போகிறது என்பது தானே தெரிந்துவிடும். கேம் அதற்கப்புறம்தான்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கேமுக்கு இரண்டு கால அளவுகள் போட்டிருப்பார்கள். வால்வு இம்மி அளவு அசைந்ததிலிருந்து எண்ணுவது ஒன்று. டேப்பெட் 1.27 மில்லிமீட்டர் எழும்பியதிலிருந்து எண்ணுவது இன்னொன்று. முதல் எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அளக்கும், எனவே இரண்டு கம்பெனிகளை ஒப்பிட இரண்டாவதுதான் உதவும். அந்த அளவில் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது மலை வண்டிக்கான கேம். 220-ஐத் தாண்டினால் வேறு யாருக்கோ செய்தது. இன்லெட் புடைப்புக்கும் எக்ஸாஸ்ட் புடைப்புக்கும் நடுவிலுள்ள கோணம் 110 முதல் 114 டிகிரிவரை இருந்தால் ஓவர்லேப் அடங்கியிருக்கும், ஐட்லிங் சீராக வரும். வால்வு எழும்பும் உயரத்தில் மட்டும் ஆசைப்படலாம். நேரத்தை நீட்டாமல் உயரத்தைக் கூட்டுவது கீழ்ச்சுற்றுக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாது. ஸ்பிரிங் தாங்குமா, வால்வு எதிலும் இடிக்குமா என்று பார்த்துக்கொண்டால் சரி. இரண்டு கேமுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் சின்னதை வாங்குங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2014-இல் கோவாவுக்கு வந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகளில், ஆழச் சேற்றில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றி டயர் பற்களிலிருந்து சேற்றை உதறிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அங்கே எஞ்சின் நீண்ட நேரம் மேல்சுற்றில் கத்தும். அவர்களுக்குக் கொஞ்சம் பெரிய கேம் நியாயம்தான். ஆனால் அந்த வண்டி லாரியில் ஏறிப் போட்டிக்குப் போய், லாரியிலேயே வீடு திரும்புகிறது.

பழைய ஜீப் எஞ்சின்களுக்கு விதவிதமான கேம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. இந்தியாவில் கேம் செய்யத் தெரியாது என்பதல்ல காரணம். சோலாப்பூரில் 1992-இல் தொடங்கிய பிரிசிஷன் கேம்ஷாஃப்ட்ஸ் உலகின் பெரிய கார்க் கம்பெனிகளுக்கே வார்த்து அனுப்புகிறது. பத்துப் பேர் கேட்கிற பழைய கேமை வார்ப்பது யாருக்கும் கட்டாது, அவ்வளவுதான். ஆகவே இருக்கிற கேமையே கிரைண்டிங் கொடுத்து வடிவம் மாற்றுவதுதான் பலருக்கு வழி. புடைப்பில் இரும்பைச் சேர்க்க முடியாது. அடிவட்டத்தைச் சீவினால் புடைப்பு கூடுதலாகத் தெரியும். அடிவட்டம் சிறுத்த அளவுக்கு டேப்பெட் கீழே இறங்கிவிடும், அதை அட்ஜஸ்ட் ஸ்க்ரூவிலோ நீளமான புஷ் ராடிலோ ஈடுகட்ட வேண்டும். வார்க்கும்போதே சட்டென்று குளிர்வித்துக் கெட்டியாக்கிய மேல்தோல் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். பேராசைப்பட்டு அதைத் தாண்டிச் சீவிவிட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. அந்தக் கேம் ஒரு மழைக்காலம் தாங்காது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே சொன்னது. எஞ்சினையே மாற்றுகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி வாங்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

பூட்டும்போது டைமிங் கியரில் உள்ள புள்ளிகளை மட்டும் நம்ப வேண்டாம். கிரைண்டிங் ஆன கேமில் புள்ளி ஒன்று சொல்லும், புடைப்பு ஒன்று சொல்லும். கிராங்கில் டிகிரித் தட்டு மாட்டி, டேப்பெட்டில் டயல் கேஜ் வைத்து, இன்லெட் எங்கே மூடுகிறது என்று கையால் சுழற்றிப் பார்த்துவிட வேண்டும். நான்கு டிகிரி முன்னால் தள்ளிப் பூட்டினால் நான்கு நேரங்களுமே சீக்கிரமாகும். அதில் நமக்கு வேண்டியது, இன்லெட் சீக்கிரம் மூடுவது. மலை வண்டிக்குப் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்க்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு வேடிக்கை. வாழ்நாள் முழுக்க ஆயிரம் சுற்றில் ஊரப்போகிற எஞ்சினை முதல் 20 நிமிடம் 2,000 முதல் 2,500 சுற்றில் ஓடவிட வேண்டும், ஐட்லிங்குக்கு விடவே கூடாது. இந்த எஞ்சின்களில் டேப்பெட் உருளாமல் புடைப்பின் மேல் வழுக்குவது. அதற்கு எண்ணெய் கிராங்க் சுழலும்போது தெறித்துத்தான் வரும். மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாது. டேப்பெட் தன் அச்சில் சுழன்று தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளப் பழகுவதும் இந்த 20 நிமிடத்தில்தான். துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்ந்த எண்ணெயாக ஊற்றுங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகப் புதிய கார் எண்ணெய்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள்.

வண்டி ஓடத் தொடங்கியபின், எடுத்த கேம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் எஞ்சினைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். டேப்பெட் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு மட்டும் கூட்டுங்கள். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து கொஞ்சம் முன்னதாக மூடும். கேமே ஒரு சுற்று சின்னதாகிவிட்டது மாதிரி. பழகிய ஏற்றத்தில், அதே சுமையோடு, அதே கியரில் போய்ப் பாருங்கள். முன்பைவிட நன்றாக இழுத்தால் கேம் பெரிது. ஒன்றும் மாறவில்லை என்றால், அல்லது மந்தமானால், கேமை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். எதிர்த்திசையில், இடைவெளியைக் குறைத்துச் சோதிப்பதை எக்ஸாஸ்ட் பக்கம் செய்யவே கூடாது. சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் நின்று, எல்லமலை ஏற்றம் முடிவதற்குள் கருகிவிடும்.